பெருந்தமனிக் கிழிசல்: சி.டி.யா, எக்கோவா, எம்.ஆர்.ஐ.யா?

வலி தொடங்கும்போதே உச்சத்தில் இருக்கும்; நெஞ்சிலிருந்து முதுகுக்குப் பாயும். ஒரு கையில் நாடி தளர்ந்திருக்கலாம், இரு கைகளின் ரத்த அழுத்தமும் 20 மி.மீ.க்கு மேல் வேறுபடலாம். இப்படி வருபவருக்குப் பெருந்தமனிக் கிழிசல், அதாவது அயோர்டிக் டிசெக்‌ஷன் இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். பெருந்தமனியின் உள்ளுறை கிழிந்து ரத்தம் நடு உறைக்குள் புகுந்தால், பழைய மெய்த்தடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு பொய்த்தடம் உருவாகிவிடும். இதயத்திலிருந்து மேலேறும் பகுதியான ஏறு பெருந்தமனி பாதிக்கப்பட்டிருந்தால் அது ஸ்டான்ஃபோர்ட் ஏ வகை, உடனடி அறுவை தேவை. இல்லையென்றால் பி வகை. பெரும்பாலும் மருந்துதான், உறுப்புகளுக்கு ரத்தம் தடைப்பட்டாலோ தமனி வெடிக்கும் நிலையில் இருந்தாலோ ஸ்டென்ட் கிராஃப்ட் (தமனிக்குள் வைக்கும் உறையிட்ட குழாய்).

துல்லியத்தை வைத்து இந்தப் பரிசோதனைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியாது. 2006இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வில் ஹெலிக்கல் சி.டி., உணவுக்குழாய் வழி எக்கோ, எம்.ஆர்.ஐ. மூன்றுமே 98 முதல் 100 சதவீதம் வரை நோயைக் கண்டுபிடித்தன. நேரம், நோயாளியின் நிலை, அறுவை மருத்துவருக்குத் தேவைப்படும் தகவல் ஆகிய மூன்றும்தான் தேர்வை முடிவு செய்கின்றன.

சி.டி. ஏன் முதலில்

கழுத்தடியிலிருந்து தொடை எலும்பின் தலைவரை முழுப் பெருந்தமனியையும் சில நொடிகளில் படமெடுத்துவிடலாம். கிழிசல் எங்கே தொடங்குகிறது, சிறுநீரகத் தமனியும் குடல் தமனியும் எந்தத் தடத்திலிருந்து கிளம்புகின்றன, ஸ்டென்ட் நுழைய இடுப்புத் தமனி இடம் கொடுக்குமா என்பதெல்லாம் ஒரே படத்தில் கிடைக்கும். மற்ற இரண்டும் இந்த வேகத்தில் இதைத் தருவதில்லை.

ஆனால் சி.டி.யின் தரம் எடுக்கும் முறையில்தான் இருக்கிறது. முதலில் கான்ட்ராஸ்ட் (ரத்தக்குழாயைப் படத்தில் துலக்கிக் காட்டும் மருந்து) இல்லாமல் மார்பை ஒருமுறை எடுக்க வேண்டும். சுவருக்குள் உறைந்த ரத்தம் அப்போதுதான் வெளுத்த பிறை போலத் தெரியும். கான்ட்ராஸ்ட் ஏறிய பிறகு அந்தப் பிறை எளிதில் கண்ணுக்குத் தப்பும். அடுத்து வலது முழங்கை மடிப்பில் 18 அல்லது 20 கேஜ் கேனுலா (சிரைக்குள் செருகும் குழல்). இடது கையில் போட்டால், பெருந்தமனி வளைவுக்கு முன்னால் குறுக்கே போகும் சிரையில் கான்ட்ராஸ்ட் அடர்ந்து நின்று, வளைவின் மேல் கோடுகளைக் கிழித்துவிடும். நொடிக்கு 4 முதல் 5 மி.லி. வேகத்தில் 80 முதல் 100 மி.லி. அயோடின் கான்ட்ராஸ்ட், பின்னாலேயே 30 முதல் 50 மி.லி. சலைன்.

கான்ட்ராஸ்ட் வந்துசேர்ந்ததை இயந்திரமே கண்டு ஸ்கேனைத் தொடங்கும் போலஸ் டிராக்கிங்கில் ஒரு பொறி உண்டு. கண்காணிப்பு வட்டம் தற்செயலாகப் பொய்த்தடத்தின் மேல் விழுந்தால், அங்கே ரத்தம் மெதுவாக ஓடுவதால் அடர்த்தி குறித்த அளவை எட்டாது. இயந்திரம் காத்துக்கொண்டே இருக்க, கான்ட்ராஸ்ட் கடந்து போய்விடும். டெக்னீஷியன் திரையைப் பார்த்தபடி இருந்து, எந்தத் தடம் வெளுத்தாலும் கையாலேயே ஸ்கேனைத் தொடங்க வேண்டும். ஒரு நிமிடம் கழித்து இன்னொரு சுற்று எடுத்தால், பொய்த்தடம் உறைந்துவிட்டதா அல்லது மெதுவாக நிரம்புகிறதா என்பதும் தெளியும்.

உண்மையில் மிக முக்கியமான ஒப்பீடு சி.டி.க்கும் எம்.ஆர்.ஐ.க்கும் இடையே இல்லை, இ.சி.ஜி. கேட்டிங் உள்ள சி.டி.க்கும் இல்லாத சி.டி.க்கும் இடையேதான். இதயத் துடிப்போடு ஒத்திசைத்துப் படமெடுப்பதே கேட்டிங். பெருந்தமனியின் வேர் ஒவ்வொரு துடிப்பிலும் அசைவதால், கேட்டிங் இல்லாத படத்தில் அதன் இடது முன்பக்கமும் வலது பின்பக்கமும் இரட்டைக் கோடாகத் தெரியும். அதைக் கிழிசல் என்று படித்தால் ஆரோக்கியமான மார்பைத் திறக்க நேரிடும். அசைவு என்று ஒதுக்கிவிட்டால் ஏ வகை கைநழுவும். மார்புக்கு மட்டும் கேட்டிங் வைத்து, வயிற்றைச் சாதாரணமாக எடுத்தால் கதிர்வீச்சும் அளவோடு நிற்கும். துடிப்பை 60க்குக் கீழும், மேல் ரத்த அழுத்தத்தை 100 முதல் 120 வரையிலும் வைக்க எஸ்மோலால் அல்லது லேபெட்டலால் என்ற மருந்து எப்படியும் கொடுக்கப்படும். படமும் அதனாலேயே தெளிவாகும். கேட்டிங் வசதி இல்லாத இடத்தில் அது இல்லாமலே எடுங்கள். அதைத் தேடி நோயாளியை வேறு ஊருக்கு அனுப்பக் கூடாது.

சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் முடிவு வரும்வரை சி.டி.யை நிறுத்திவைப்பதும் தவறு. ஏ வகையில் ஒவ்வொரு மணி நேரமும் உயிரிழப்பு அபாயம் கூடிக்கொண்டே போகிறது. கான்ட்ராஸ்ட்டால் சிறுநீரகத்துக்கு வரக்கூடிய பாதிப்பைப் பிறகு கவனிக்கலாம்.

எக்கோ

மார்பு மேல் வைத்துப் பார்க்கும் சாதாரண எக்கோவைப் படுக்கையருகிலேயே சில நிமிடங்களில் முடிக்கலாம். இதய உறையில் நீர், வால்வு கசிவு, வேரில் ஆடும் சவ்வு (கிழிந்த உள்ளுறை) ஆகியவை தெரிந்தால் அறுவைக் குழுவை அப்போதே அழைத்துவிடலாம். எதுவும் தெரியாவிட்டால் அதை நம்பி நோயாளியை வீட்டுக்கு அனுப்பக் கூடாது. இறங்கு பெருந்தமனியை இது பெரும்பாலும் எட்டுவதே இல்லை.

உணவுக்குழாய் வழி எக்கோ மிகவும் வலுவானது. ரத்த அழுத்தம் சரிந்து, சி.டி. அறைக்கு நகர்த்தவே முடியாதவருக்கு இதுதான் வழி. அறுவை அரங்கில் மயக்கம் கொடுத்த பிறகும் செய்யலாம். கான்ட்ராஸ்ட்டுக்குக் கடும் ஒவ்வாமை உள்ளவருக்கும் பொருந்தும். குறைகளும் உண்டு. உணவுக்குழாய்க்கும் பெருந்தமனிக்கும் நடுவே மூச்சுக்குழாய் இருப்பதால், ஏறு பெருந்தமனியின் மேல்பகுதியும் வளைவின் தொடக்கமும் மறைந்துபோகும். போதிய மயக்கம் இல்லாமல் குழாயை இறக்கினால் நோயாளி ஓங்கரிப்பார். அப்போது அழுத்தம் எகிறும், இந்த நோயில் அது உயிருக்கே ஆபத்து. எதிரொலிக் கோடுகளும் சவ்வைப் போல ஏமாற்றும். உண்மையான சவ்வு சுவரைச் சாராமல் தனியாக ஆடும். போலிக் கோட்டைக் கலர் டாப்ளரில் ரத்த ஓட்டம் தடையின்றிக் கடந்து போகும். உணவுக்குழாய்ச் சுருக்கம், வேரிசஸ் (உணவுக்குழாயில் புடைத்த சிரைகள்) உள்ளவர்களுக்கு இது வேண்டாம்.

எம்.ஆர்.ஐ.

அவசரத்தில் இதற்கு இடம் குறைவு. அரை மணி நேரம்வரை ஆகும், மானிட்டரும் மருந்து பம்பும் காந்தத்துக்குள் சிக்கல். நிலையாக இருக்கும் இளம் நோயாளிகளை ஆண்டுக்கணக்கில் கண்காணிக்க வேண்டும் என்றால், கதிர்வீச்சு இல்லாததால் இதுவே நல்லது.

டி-டைமரும் எக்ஸ்ரேயும்

சந்தேகத்தைப் புள்ளிகளால் அளக்கலாம்: அபாயக் காரணி, வலியின் தன்மை, உடல் பரிசோதனை என்ற மூன்று பிரிவுகளுக்கும் தலா ஒரு புள்ளி. மொத்தம் 0 அல்லது 1 வந்து, டி-டைமரும் (ரத்தக்கட்டி கரைவதைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) மி.லி.க்கு 500 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் சி.டி.யைத் தவிர்க்கலாம். 2 அல்லது 3 வந்தால் டி-டைமருக்குக் காத்திராமல் நேரே சி.டி. மார்பு எக்ஸ்ரேயில் மீடியாஸ்டைனம் (இரு நுரையீரல்களுக்கு நடுவிலுள்ள பகுதி) அகன்றிருந்தால் சந்தேகம் வலுக்கும். ஆனால் கிழிசல் உள்ளவர்களிலேயே பலருக்கு எக்ஸ்ரே இயல்பாக இருக்கும்.

சி.டி. தெளிவாக இல்லாமல் சந்தேகம் மட்டும் தங்கினால், உணவுக்குழாய் எக்கோவோ கேட்டிங்குடன் மறு சி.டி.யோ உடனே செய்ய வேண்டும். அதுவரை ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரினோ ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியோ வேண்டாம்.