ஆங்கிலம் பழக: சிங்கப்பூர் ஹாக்கர் சென்டரா, லண்டன் பரோ மார்க்கெட்டா?

திருப்பூர், கோவைப் பக்கம் வெளிநாட்டுப் பையரிடம் (சரக்கு வாங்குபவரிடம்) ஆங்கிலத்தில் பேசத் தயங்குபவர்கள் பலர், பேசிப் பழகச் சிங்கப்பூரின் ஹாக்கர் சென்டர் (பல சாப்பாட்டுக் கடைகள் ஒரே கூரையின் கீழ் இருக்கும் இடம்), லண்டனின் பரோ மார்க்கெட் (உணவுச் சந்தை) என்ற இந்த இரண்டில் எதற்குப் போவது என்றுதான் கேட்கிறார்கள்.

செலவு:
சிங்கப்பூர்: ஒரு தட்டு சிக்கன் ரைஸ் ஏறக்குறைய 5 சிங்கப்பூர் டாலர்.
லண்டன்: ஒரு வேளைக்கு 10 பவுண்டை ஒட்டி வரும். அந்தக் காசுக்குச் சிங்கப்பூரில் மூன்று கடை பார்க்கலாம்.

பயணம்: இரண்டுக்கும் விசா வேண்டும். சிங்கப்பூருக்குக் கோவையிலிருந்தே நேரடி விமானம் உண்டு.

பேச்சு: முக்கியமானது இதுதான். சிங்கப்பூரில் மதிய வரிசையில் "இங்கேயா, பார்சலா?" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். மூன்று மணி வாக்கில் போங்கள். சில கடைகள் மூடியிருக்கும், திறந்திருப்பவர் நின்று பதில் சொல்வார். லிட்டில் இந்தியாவில் உள்ள தேக்கா சென்டர் வேண்டாம், அங்கே தமிழிலேயே காரியம் முடிந்துவிடும். மாக்ஸ்வெல் ஹாக்கர் சென்டர் நல்லது.
பரோ மார்க்கெட்டில் சீஸ் கடைக்காரர்கள் ருசி பார்க்கத் துண்டு தருவார்கள். எந்த ஊர்ப் பால், எத்தனை மாதம் பதப்படுத்தியது என்று கேட்டால் பேச்சு நீளும். திங்கள் விடுமுறை, சனிக்கிழமை நெரிசல். செவ்வாய் முதல் வெள்ளி வரை காலையில் போங்கள்.

கூச்சம் போக வேண்டியவருக்குச் சிங்கப்பூர் போதும். பிரிட்டிஷ் பையரின் உச்சரிப்பு பிடிபடாதவர் லண்டனுக்கே காசு சேர்த்து வையுங்கள்.