ஸ்டீம் டெக், இரண்டு வருடம்: புனலூர் ரயிலில் கற்றது

போன சனிக்கிழமை சாயங்காலம் ரயில் எடமண் தாண்டி மலை ஏறிக்கொண்டிருந்தபோது மருமகனிடமிருந்து செய்தி வந்தது. "மாமா, டெக் வாங்கலாமா? துட்டு சேந்துட்டு." "வேண்டாம்ல மருமவனே" என்று ஒரே வரியில் பதில் போட்டேன். ஒற்றைக்கல் தாண்டியதும் சிக்னல் போய்விட்டது. ஸ்டீம் டெக் என்ற, கையில் பிடித்துக் கம்ப்யூட்டர் விளையாட்டுகள் ஆடும் கருவியை இரண்டு வருடமாக எல்லாரிடமும் புகழ்ந்து பேசிய மாமா இப்படிச் சொன்னால் பையன் குழம்பத்தான் செய்வான். அவனுக்கும், இதே கேள்வியோடு இருக்கும் மற்றவர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

என்னுடையது 256 ஜிபி எல்சிடி மாடல். இந்தியாவில் முறையான விற்பனை இல்லாததால், 2023-ல் அண்ணன் வெளிநாட்டிலிருந்து வரும்போது வாங்கி வந்தான். வேலை புனலூரில், வீடு செங்கோட்டையில். திங்கள் காலை போனால் சனி மாலைதான் திரும்புவேன். ஏறக்குறைய இரண்டு மணி நேரம் மலை, குகை, கழுதுருட்டி பதிமூன்று கண் பாலம். 1904-ல் போட்ட பாதை, 2018-ல்தான் முழுக்க அகலப் பாதையானது. நடுவில் பாதி தூரம் போனுக்கு உயிர் இருக்காது. நான் விளையாடுவது பெரும்பாலும் அங்கேதான்.

முதலில் நல்லது. சாரல் காலத்தில் எங்கள் ஊரில் கரண்டை நம்பி எதையும் தொடங்க முடியாது. ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் காற்று இறங்கும்போது ஒரு நாளைக்கு நாலு தடவை போகும். பழைய கம்ப்யூட்டரில் விளையாடிய காலத்தில் ஒரு மணி நேர உழைப்பு கண் முன்னால் அணைந்துபோனது எத்தனையோ முறை. டெக்கின் மேல் விளிம்பில் ஒரு சின்னப் பொத்தான் இருக்கிறது. விளையாட்டின் நடுவில், வாளை ஓங்கிய நிலையில் அதை அழுத்தினால் திரை அணையும். இரவு சாப்பிட்டு, தூங்கி, மறுநாள் அழுத்தினால் ஓங்கிய வாள் ஓங்கியபடியே நிற்கும். விளையாட்டு முழுவதையும் ரேம் என்ற தற்காலிக நினைவகத்தில் அப்படியே வைத்துக்கொண்டு, மற்ற எல்லாவற்றுக்கும் மின்சாரத்தை நிறுத்திவிடுகிறது. தனியாக ஆடும் எந்த விளையாட்டையும், அதை எழுதியவர் நினைத்துக்கூடப் பார்க்காத இடத்தில், நிறுத்தி வைக்கலாம். போன ஆடியில் ஒரு ராத்திரி கரண்ட் போனபோது அம்மா அடுப்படியிலிருந்து, "ஏலே, அந்த வெளிச்சத்த இங்கன காட்டு" என்றாள். திரையைத் திருப்பிப் பிடித்தேன். தீப்பெட்டி கிடைத்ததும் பொத்தானை அழுத்திவிட்டுச் சாப்பிடப் போனேன். இந்த ஒரு வசதிக்காகவே கொடுத்த காசு செரித்துவிட்டது.

டெக் ஓடுவது விண்டோஸில் இல்லை, லினக்ஸில்; அதை நினைத்துப் பயப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இதில் ஓடும் விளையாட்டுகளில் பெரும்பாலானவை விண்டோஸுக்காக எழுதப்பட்டவை. 1993-ல் தொடங்கிய வைன் என்ற மென்பொருள், விளையாட்டு விண்டோஸிடம் கேட்கும் கேள்விகளுக்கு லினக்ஸின் பதிலைச் சொல்லும். கிராபிக்ஸ் பக்கம் டிஎக்ஸ்விகே என்ற இன்னொன்று, விண்டோஸில் படம் வரையும் டைரக்ட்3டி கட்டளைகளை லினக்ஸுக்கும் புரியும் வல்கன் கட்டளைகளாக மாற்றும். இதையெல்லாம் சேர்த்துக் கட்டி 2018 ஆகஸ்டில் வந்தது புரோட்டான். நமக்கு இது எதுவும் தெரியவேண்டியதில்லை, 'பிளே' அழுத்தினால் போதும். எல்லா டெக்கிலும் ஏறக்குறைய ஒரே வகைச் சிப் என்பதால், திரையில் ஒளியையும் நிறத்தையும் வரையும் சின்ன நிரல்களான ஷேடர்களை முன்பே தயாரித்து இறக்கிக்கொடுக்க முடிகிறது. 2022-ல் எல்டன் ரிங் என்ற விளையாட்டு வந்த புதிதில் விண்டோஸ் கம்ப்யூட்டர்களில் திக்கித் திக்கி ஓடியபோது டெக்கில் வழுக்கிக்கொண்டு போனதற்கு இந்த ஏற்பாடும் ஒரு காரணம். சில விளையாட்டுகளில் கதைக்காட்சி வரவேண்டிய இடத்தில் பழைய தூர்தர்ஷன் மாதிரி வண்ணப் பட்டைகள் மட்டும் நிற்கும். அது வீடியோவை விரித்துக் காட்டும் கோடெக் என்ற நிரலின் உரிமச் சிக்கல். ஆர்வலர்கள் தரும் மாற்றுப் பதிப்பான புரோட்டான் ஜிஇ போட்டால் பெரும்பாலும் தீரும்.

பேட்டரி 40 வாட்-அவர். கனமான விளையாட்டு என்றால் இரண்டு மணி நேரம் கூடத் தாங்காது. அதற்கு நான் கண்ட வழி, திரையை 40 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 40 காட்சியில் வைப்பது. கேட்டால் 30-க்குப் பக்கம் போலத் தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 30 என்றால் ஒரு காட்சிக்கு 33 மில்லிசெகண்ட், 60 என்றால் 17, நாற்பதுக்கு 25. சரியாக நடுவில் இருக்கிறது. கையில் பிடித்தால் வித்தியாசம் தெரியும், பேட்டரியும் எடமணிலிருந்து செங்கோட்டை வரை மிச்சம் வைக்கும்.

இனி அந்தச் சனிக்கிழமை. என்னிடம் ஒரு கார் பந்தய விளையாட்டு இருக்கிறது, தனியாள் விளையாடுவது. 'பிளே' அழுத்தினால் விளையாட்டு திறக்காது. அதை வெளியிட்ட நிறுவனத்தின் லாஞ்சர், அதாவது விளையாட்டைத் தொடங்கிவைக்கும் தனி மென்பொருள், முதலில் திறக்கும். மவுஸுக்காகச் செய்த குட்டிக் குட்டி எழுத்துகள். அது தன்னை அப்டேட் செய்துகொள்ளும், பிறகு யார் நீ என்று கேட்கும், இணையம் இல்லையென்றால் சுற்றிக்கொண்டே இருக்கும். காசு கொடுத்து வாங்கிய பொருள், என் மெமரி கார்டில் 90 ஜிபி அடைத்துக்கொண்டு கிடக்கிறது, நான் விளையாடப்போவது ஒரு மனிதனோடும் இல்லை. எதற்கு இந்தக் காவல்?

இத்தனை நாள் இதை ஏன் பொறுத்தேன் என்றால், அந்தத் தூக்கப் பொத்தான் லாஞ்சரை மறைத்துவிட்டது. ஒருமுறை உள்ளே போய்விட்டால் விளையாட்டை மூடுவதே இல்லை, தூங்கவைத்து எழுப்பி, தூங்கவைத்து எழுப்பி ஒரு வாரத்தை ஓட்டுவேன். ஆனால் ரேமை உயிரோடு வைத்திருக்கத் தூக்கத்திலும் கொஞ்சம் மின்சாரம் வேண்டும். அந்த வாரம் வேலை அதிகம், சார்ஜ் போட மறந்தேன். சனிக்கிழமை ரயிலில் எடுத்தால் பேட்டரி சுத்தமாகக் காலி. 45 வாட் பவர் பேங்க் செருகி எழுப்பினேன். பந்தயம் போய்விட்டது, அதாவது லாஞ்சர் திரும்பி வந்துவிட்டது. தென்மலை போய்விட்டது, பாலம் போய்விட்டது, அந்த நீல வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. குகை இருட்டில் என் முகத்தில் அடித்த வெளிச்சம் அது ஒன்றுதான். மருமகனுக்குப் பதில் போட்டது இந்த எரிச்சலின் தொடக்கத்தில்.

டெக்கின் தப்பு இதில் எள்ளளவும் இல்லை, அது தெரியும். விண்டோஸ் லேப்டாப்பில் இருந்தாலும் லாஞ்சர் இதையேதான் செய்திருக்கும். ஆனாலும் என் பதிலை மாற்றப்போவதில்லை. கையில் பிடிக்கும் கருவி என்றால் சிக்னல் இல்லாத இடத்திலும் கை கொடுக்கவேண்டும். அந்த விஷயம் இந்தக் கருவியைச் செய்தவர்கள் கையில் இல்லை, விளையாட்டை விற்கிறவர்கள் கையில் இருக்கிறது. மருமகன் விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. அவனும் கூட்டாளிகளும் ஆடுவது இணையத்தில் சேர்ந்து ஆடும் வாலரன்ட். அதன் ஏமாற்றுத் தடுப்பு விண்டோஸின் அடிமட்டமான கெர்னலுக்குள் இறங்கி உட்காருவது, லினக்ஸில் ஓடாது. அதே மாதிரி இணைய விளையாட்டான ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் கொஞ்ச காலம் ஓடியது, 2024 அக்டோபர் கடைசியில் அதுவும் லினக்ஸை நிறுத்திவிட்டது.

என் பேச்சையும் மீறி வாங்குகிறவர்கள் இதை மட்டும் செய்யுங்கள். புது விளையாட்டை வீட்டில் ஒருமுறை திறந்து மூடிவிட்டு, வைஃபையை அணைத்து மறுபடி திறந்து பாருங்கள். திறக்கவில்லையா, அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால், விளையாட்டு விற்கும் ஸ்டீம் கடையில் பணம் திரும்பக் கேட்கலாம். என் பந்தயத்தில் நான் 61 மணி நேரம் ஓட்டிவிட்டேன்.