பழைய படகு வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு: சூடான எஞ்சினை நம்பாதீர்கள்

கோபம் இன்னும் அடங்கவில்லை, அதனால் எழுதுவது முன்னே பின்னே இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். பழைய பொருள்களுக்கான ஒரு விளம்பரத் தளத்தில் பார்த்து, அவுட்போர்டு எஞ்சினோடு (படகின் பின்பக்கம் வெளியே மாட்டுவது) ஒரு படகு வாங்கினேன். ஒரு மாதம்கூட ஒழுங்காக ஓடவில்லை. எஞ்சினைச் சரிசெய்ய மெக்கானிக் சொல்லும் தொகை, படகுக்கு நான் கொடுத்த விலையில் சரிபாதி. பாதி விலை!

விற்றவர் படகுகளை வாங்கி விற்கும் தரகர். நான் போனபோது எஞ்சின் மூடியில் கை வைத்தால் சுட்டது. ஏன் என்று கேட்டேன். "இப்பதான் தம்பி, உப்புப் போக நல்ல தண்ணியில ஓட விட்டேன்" என்றார். கடலில் ஓடிய எஞ்சினை அப்படிக் கழுவத்தான் வேண்டும், அதனால் பதில் நியாயமாகவே இருந்தது. சாவியைத் திருப்பியதும் பிடித்துக்கொண்டது. குழாய்த் தண்ணீரை மாட்டி ஓட்டிக் காட்டினார், பக்கத்துத் துளை வழியாகத் தண்ணீர் நன்றாகப் பீய்ச்சியது. எஞ்சின் ஓடிய நேரத்தைக் காட்டும் மீட்டரில் 180 மணி நேரம். அப்புறம் ஆயில் பார்க்கும் கம்பியை உருவி, வெள்ளைத் துணியில் துடைத்து, பொன்னிறமாக இருந்த அந்தக் கறையை என் முகத்துக்கு நேரே நீட்டி, "இதுக்கு மேல என்ன சாட்சி வேணும், சொல்லுங்க" என்றார். எனக்கு முழு நம்பிக்கை வந்தது அந்த நிமிடத்தில்தான். அதற்காகவேதான் அந்த ஆள் அதைச் செய்திருக்கிறார்.

தண்ணீரில் இறக்கி வேகம் கூட்டியதும் சூட்டு அலாரம் அலறியது. காலையில் குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பினால் இருமி இருமி நின்றது, அன்று சூடாக இருந்ததால் இது தெரியவில்லை. மெக்கானிக் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் உருவாகும் அழுத்தம், பார்த்தார். மூன்று சிலிண்டர்களில் 170 psi-க்கு மேல், நான்காவதில் 90கூட இல்லை. எஞ்சினின் கீழ்ப்பகுதியில் பற்சக்கரங்களுக்கு ஊற்றும் கியர் ஆயிலை வடித்தால் பால் கலந்ததுபோல வெளுத்து வந்தது, அதாவது தண்ணீரைத் தடுக்கும் சீல் போய் உள்ளே தண்ணீர் இறங்கியிருக்கிறது. வடிக்கிற திருகை எனக்குக் காட்டினார், சுற்றிலும் பழைய பெயின்ட், திருகின் பள்ளம் மட்டும் பளபளவென்று புதுக் கீறலோடு. விற்கும் முன் கெட்ட ஆயிலை வடித்துப் புதிதாக ஊற்றி மறைத்திருக்கிறார்கள். லேப்டாப்பை மாட்டி எஞ்சின் கம்ப்யூட்டரைப் படித்தால் ஓடிய நேரம் 1,100 மணியைத் தாண்டுகிறது. மீட்டர் மாற்றப்பட்டது. பீய்ச்சிய தண்ணீரும் ஏமாற்றுதான், எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் பம்ப் தேய்ந்திருந்தாலும் குழாயின் அழுத்தமே தண்ணீரைத் தள்ளிவிடுமாம்.

தரகருக்கு ஃபோன் செய்தால் முதலில் "நீங்க ஓட்டின விதம் சரியில்ல" என்றார். அடுத்து "இருந்த நிலையிலதான வித்தேன்" என்றார். இப்போது எடுப்பதே இல்லை. அந்தத் தளத்துக்குப் புகார் எழுதினால் "வாங்குபவரையும் விற்பவரையும் இணைப்பது மட்டுமே எங்கள் பணி" என்று அச்சடித்த பதில். மீட்டர் மாற்றிய ஆதாரத்தைப் படத்தோடு அனுப்பினேன், அதற்கும் அதே பதில், ஒரு எழுத்து மாறவில்லை. படகு விலையில் பாதி போயிருக்கிறது, கேட்க நாதி இல்லை.

வாங்கப் போகிறவர்களுக்கு விளக்கமாக எழுத நினைத்தேன், கை ஓடவில்லை, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். முன்கூட்டிக் கிளப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போங்கள், மூடி சூடாக இருந்தால் திரும்பி வந்து இன்னொரு நாள் போங்கள். உங்கள் மெக்கானிக்கை, விற்பவர் காட்டும் ஆளை அல்ல, கூட்டிப்போய் எல்லா சிலிண்டரிலும் கம்ப்ரஷன் பாருங்கள், ஒன்றுக்கொன்று பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் காரணம் தெரியாமல் பணம் கொடுக்காதீர்கள். கியர் ஆயில் புத்தம் புதிதாக இருந்தால் அதுவும் சந்தேகத்துக்குரியதே, தண்ணீரில் ஓட்டிவிட்டு மறுபடி வடித்துப் பாருங்கள். ஓடிய மணி நேரத்தைக் கம்ப்யூட்டரில் எடுங்கள். முழு வேகத்தில் கொஞ்ச நேரமாவது தண்ணீரில் ஓட்டாமல் முன்பணம்கூடக் கொடுக்க வேண்டாம். அதற்கு விற்பவர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அந்தப் படகு வேண்டாம்.

அதே தரகர் அதே தளத்தில் இன்று இன்னொரு படகைப் போட்டிருக்கிறார். மீட்டர் படம் பெரிதாக இருக்கிறது, ஓடிய நேரம் 200க்குள்.