எங்கள் ஆஸ்பத்திரி வாங்கித் தந்த மனநலச் சேவை: எட்டு மாதம் பயன்படுத்திய ஒரு நர்ஸின் மதிப்பீடு

ஆப்புக்கு ஐந்துக்கு இரண்டு. கவுன்சலருக்கு நாலரை. வாங்கிக் கொடுத்தவர்களுக்கு எத்தனை என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

பொது மருத்துவ வார்டில் எனக்குப் பதின்மூன்று வருட சர்வீஸ். போன வருடம் மூன்றே மாதத்தில் எங்கள் வார்டிலிருந்து நான்கு பேர் வேலையை விட்டுப் போனார்கள். நான்காவது ஆள் போன அடுத்த வாரம் நிர்வாகம் இந்தச் சேவைக்குச் சந்தா கட்டியது. போனில் ஒரு ஆப், வருடத்துக்கு ஆறு கவுன்சலிங் செஷன், மாதம் ஒரு பயிற்சி வகுப்பு. எங்களுக்கு எல்லாமே இலவசம். காலியான நான்கு இடங்களும் காலியாகவே இருந்தன. இருந்தாலும், பார்க்காமலே குறை சொல்லக் கூடாது என்று முதல் நாளே ஆப்பை இறக்கிவிட்டேன்.

திறந்ததும் ஐந்து முகங்கள் வரும். அழுகிற முகத்தில் ஆரம்பித்து வாய் கொள்ளாமல் சிரிக்கிற முகம் வரை. இன்றைக்கு மனசு எப்படி இருக்கிறது என்று கேட்கும். ஒன்றைத் தொட வேண்டும். இந்தக் கேள்வி காலை ஏழு மணிக்கும் இரவு ஒன்பதரைக்கும் மணியடித்துக்கொண்டு வரும். எங்கள் வார்டில் அந்த இரண்டு நேரமும் ஹேண்ட்ஓவர், டூட்டி முடிக்கிறவர் அடுத்து வருகிறவரிடம் வார்டை ஒப்படைக்கிற நேரம். எந்த பெட்டுக்கு எந்த மருந்து இன்னும் போகவில்லை, யாருக்கு யூரின் அவுட்புட் குறைந்திருக்கிறது என்று ஒருவர் சொல்ல இன்னொருவர் எழுதிக்கொண்டிருக்கும்போது, நாலு பேர் பாக்கெட்டிலும் ஒரே சமயத்தில் மணியடிக்கும். நேரத்தை மாற்றலாமா என்று தேடினேன். முடியாது, ஹெச்.ஆர். வைத்த நேரம். அதை வைத்தவர் ஒரு நாளாவது ஏழு மணிக்கு வார்டுக்குள் நின்று பார்த்திருந்தால் வைத்திருக்க மாட்டார்.

நல்லதையும் சொல்ல வேண்டும். அதிலுள்ள மூச்சுப் பயிற்சி உண்மையிலேயே வேலை செய்கிறது. நாலு எண்ணும்வரை இழுத்து, நாலு பிடித்து, நாலு விட்டு, நாலு சும்மா இருப்பது. ஒரு நைட்டில் அரை மணி நேரம் நெஞ்சை அழுத்தி சிபிஆர் கொடுத்தும் ஒரு பேஷன்ட்டைக் காப்பாற்ற முடியவில்லை. ஸ்டோர் ரூமுக்குப் போய் துவைத்த பெட்ஷீட் மூட்டை மேல் உட்கார்ந்து, போனைப் பார்த்தபடியே மூச்சு விட்டேன். கை நடுக்கம் நின்றது. ஐந்தாவது நிமிடம் காலிங் பெல் அடித்தது, எழுந்து போனேன். இரண்டு ஸ்டாரும் அந்த ஐந்து நிமிடத்துக்குத்தான்.

மற்ற மூன்று ஸ்டார் எங்கே போனது? ஒவ்வொரு பாடம் முடித்தாலும் ஆப் பாயின்ட் தரும். வார்டு வாரியாகக் கூட்டி, எந்த வார்டு எத்தனை சதவீதம் 'பங்கேற்பு' என்று மாதாந்திரக் கூட்டத்தில் திரை போட்டுக் காட்டுவார்கள். இரண்டாவது மாதம் நாங்கள் கடைசி. எங்கள் இன்சார்ஜ் சிஸ்டர் முகம் சுருங்கி வந்தார். அதற்குப் பிறகு நைட்டில் யாருக்காவது கொஞ்சம் ஓய்வு கிடைத்தால், எல்லார் போனையும் நர்சிங் ஸ்டேஷன் மேஜையில் வரிசையாக வைத்து, ஒரே ஆள் நாலாவது முகத்தைத் தொட்டுக்கொண்டே போவார். ஐந்தாவது முகம் போட்டால் நம்ப மாட்டார்கள் என்று ஒரு கணக்கு. மூன்றாவது மாதம் நாங்கள் இரண்டாம் இடம். பாராட்டிச் சுற்றறிக்கை வந்தது. அதே வாரம் எங்களில் ஒருத்தி பாத்ரூமில் இருபது நிமிடம் அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வந்து ஐவி போட்டாள். அவள் போனிலும் அன்று நாலாவது முகம்தான்.

இன்னொன்று, ரகசியம். எம்ப்ளாயி நம்பர் போட்டுத்தான் உள்ளே போக முடியும். யார் என்ன அழுத்தினார்கள் என்று தெரியுமா என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். தனிநபர் விவரம் தெரியாது, மொத்தக் கணக்கு மட்டும்தான் என்றார்கள். அந்த மொத்தக் கணக்கை வார்டு, வயது, ஆண் பெண் என்று பிரித்தும் காட்டினார்கள். எங்கள் வார்டில் ஆண் நர்ஸ் ஒரே ஒருவர். 'ஆண்கள்: சோர்வு அதிகம்' என்று திரையில் வந்ததும் எல்லாரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். பாவம், சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அன்றோடு அவர் ஆப்பை அழித்துவிட்டார்.

பயிற்சி வகுப்பு பற்றிச் சொல்ல அதிகமில்லை. மதியம் மூன்று மணிக்கு வைக்கிறார்கள். நைட் முடித்தவர்களுக்கு அது நடுத்தூக்கம். தலைப்பு, போதுமான தூக்கத்தின் அவசியம்.

இனி கவுன்சலர். எட்டு மாதத்தில் உருப்படியாக ஒன்று கிடைத்தது என்றால் இவர்தான். காலை பத்திலிருந்து ஐந்து வரைதான் நேரம் கொடுத்திருந்தார்கள் என்பதால் ஒரு ஆஃப் நாளை விட்டுக்கொடுத்துப் போனேன். என்னைப் போகவைத்தது ஒரு பெட். ஆறாம் பெட். அங்கே இருந்த பெரியவர் இறந்ததும் மகள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கதறினாள். பக்கத்தில் நின்றுகொண்டிருந்த என் மனசில் ஓடியது ஒன்றே ஒன்று: இவர்கள் எப்போது நகர்வார்கள், எமர்ஜென்சியில் பெட்டுக்கு ஆள் காத்திருக்கிறதே. வீட்டுக்குப் போன பிறகுதான் பயந்தேன். அந்தப் பெரியவர் பெயர் எனக்கு ஞாபகம் வரவில்லை. ஆறு நாள் மருந்து கொடுத்திருக்கிறேன்.

கவுன்சலர் இருபத்திரண்டு கேள்விகள் உள்ள தாள் ஒன்றைக் கொடுத்தார். பர்ன்அவுட், அதாவது வேலை அழுத்தத்தால் ஆள் தேய்ந்துபோவதை அளக்க மாஸ்லாக், ஜாக்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1981-ல் வெளியிட்டது. ஒவ்வொன்றுக்கும் 'ஒருபோதும் இல்லை' என்றால் பூஜ்யம், 'தினமும்' என்றால் ஆறு. மூன்று விஷயங்களைத் தனித்தனியாக அளக்கிறது: மனம் வற்றிப்போவது, எதிரில் இருப்பவரை ஆளாகப் பார்க்காமல் போவது, செய்கிற வேலையில் திருப்தி இல்லாமல் போவது. இரண்டாவதைப் படித்ததும் ஆறாம் பெட் நினைவு வந்தது. அதற்கு ஒரு பெயர் இருக்கிறது, எனக்கு மட்டும் வந்ததில்லை என்று தெரிந்ததே பாதி பாரம் இறங்கின மாதிரி இருந்தது. பர்ன்அவுட் என்ற சொல்லை இந்தப் பொருளில் பிரபலமாக்கிய ஃப்ராய்டன்பெர்கர் 1974-ல் எழுதியதும், இலவச கிளினிக்கில் உழைத்துத் தேய்ந்தவர்களைப் பார்த்துத்தானாம். ஆரம்பமே நம் தொழிலில்தான்.

மூன்றாவது செஷனில் டூட்டி ரோஸ்டரைக் காட்டச் சொன்னார். போனில் இருந்ததை ஒரு தாளில் கட்டம் போட்டு எழுதவைத்தார். இருபத்தெட்டு நாளில் பதினொரு நைட். ஈவினிங் டூட்டி முடித்து இரவு ஒன்பதரைக்குக் கிளம்பி, மறுநாள் காலை ஏழுக்கு மார்னிங் டூட்டி என்று நாலு தடவை. அந்த நாலையும் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டார். ஐரோப்பிய ஒன்றியத்தின் வேலைநேர விதிப்படி ஒரு நாள் வேலைக்கும் அடுத்த நாள் வேலைக்கும் நடுவே தொடர்ச்சியாகப் பதினொரு மணி நேரமாவது ஓய்வு வேண்டும் என்றார். எனக்குக் கிடைத்தது ஒன்பதரை. அதில் ரிப்போர்ட் எழுதுகிற நேரமும் பயண நேரமும் போக என்ன மிஞ்சும்?

பிறகு அவர் சொன்னது: "தூக்கம் வராததுக்கு நான் வழி சொல்லலாம். தூங்கவே நேரம் இல்லாததுக்கு என்கிட்ட வழி இல்ல சிஸ்டர். இந்தத் தாளை உங்க சூப்பரின்டென்டென்ட்கிட்ட கொண்டு போங்க."

சந்தா வாங்கும் கம்பெனியின் ஆள், தன் சேவையால் ஆகாததை வாய் திறந்து சொன்னார். நாலரை அதற்குத்தான். அரை ஸ்டார் குறைத்தது நேரத்துக்காக.

பிறகு கொஞ்சம் படித்துப் பார்த்தேன். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் பர்ன்அவுட்டை நோய்ப் பட்டியலில் நோயாகச் சேர்க்கவில்லை. வேலை சார்ந்த நிலை என்றே குறித்தது, சரியாகக் கையாளப்படாத நாள்பட்ட பணியிட அழுத்தத்தால் வருவது என்று. ஆனால் ஆப் எனக்குத் தினமும் மருந்து கொடுத்துக்கொண்டிருந்தது. அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனையில் 2,800-க்கும் மேற்பட்ட டாக்டர்களிடம், அவரவருக்கு நேரடியாக மேலே இருக்கிறவர் எப்படி என்று கேட்டு மதிப்பெண் போடச் சொன்னார்கள். மொத்தம் அறுபது மதிப்பெண். 2015-ல் வெளிவந்த அந்த ஆய்வில், மேலதிகாரியின் மதிப்பெண் ஒன்று கூடினால் கீழே இருப்பவருக்குப் பர்ன்அவுட் வரும் வாய்ப்பு 3.3 சதவீதம் குறைவாக இருந்தது. கேட்ட கேள்விகளும் சாதாரணமானவைதான்: நடப்பதை உங்களுக்குச் சொல்கிறாரா, உங்கள் யோசனையைக் கேட்கிறாரா, நல்லது செய்தால் கவனிக்கிறாரா. பிரிட்டனில் 46,336 தொழிலாளர்களின் பதில்களை வைத்து 2024-ல் வந்த இன்னொரு ஆய்வில், ஆப், அழுத்தத்தைத் தாங்கி மீளக் கற்றுத்தரும் மீள்திறன் பயிற்சி போன்றவற்றில் சேர்ந்தவர்கள் சேராதவர்களைவிட நன்றாக இருந்ததாகத் தெரியவில்லை.

தாளை எடுத்துக்கொண்டு போனேன். புது நர்சிங் சூப்பரின்டென்டென்ட் வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. கதவுக்கு வெளியே பத்து நிமிடம் நின்றேன். எங்கள் தொழிலில் புகார் சொல்கிறவளுக்கு அடுத்த மாதம் எந்த டூட்டி விழும் என்று எல்லாருக்கும் தெரியும். மேடம் தாளை வாங்கிப் பார்த்து, "இந்த நாலும் நான் கையெழுத்துப் போட்டதா?" என்றார். "ஆமா மேடம்." கொஞ்ச நேரம் பேசவில்லை. "எனக்கு இது நாள் நாளா வரும்மா. ஒரு ஆளோட மாசம் முழுசா இப்படி வரிசையா நான் பார்த்ததே இல்ல."

அடுத்த ரோஸ்டர் மூன்று வாரம் முன்னாலேயே வந்தது. ஈவினிங் முடித்தவருக்கு மறுநாள் மார்னிங் கிடையாது. அதைவிடப் பெரிய விஷயம், வாரம் ஒரு நாள் விடிகாலை ஐந்து மணிக்கு மேடம் வார்டுக்கு வருகிறார். நோட்டில் எழுதிக்கொள்ள ஒரே கேள்வி: "இந்த வாரம் உங்க நேரத்தை வீணடிச்சது எது?" முதல் தடவை யாரும் வாயைத் திறக்கவில்லை. இரண்டாம் தடவை அந்த ஆண் நர்ஸ்தான் சொன்னார், பேஷன்ட் உடம்புக்குள் போகிற, வெளியே வருகிற நீரின் இன்டேக் அவுட்புட் கணக்கை மூன்று இடத்தில் எழுதுகிறோம் என்று. இரண்டு வாரத்தில் ஒரே இடம் ஆனது. ஹவாயில் ஒரு மருத்துவமனைக் குழுமம் 2017-ல் இதையே ஒரு திட்டமாக நடத்தியிருக்கிறது. அர்த்தமில்லாத வேலை எது என்று ஊழியர்களையே சொல்லச் சொல்லி, ஒவ்வொன்றாக எடுத்திருக்கிறார்கள். எங்கள் மேடத்துக்கு அது தெரியுமா என்று நான் கேட்கவில்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல வரவில்லை. ஒரு நர்ஸுக்கு இன்னும் ஒன்பது பேஷன்ட். காலி இடத்தை நிரப்ப சூப்பரின்டென்டென்ட் கையெழுத்துப் போதாது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 168 மருத்துவமனைகளை வைத்துச் செய்து 2002-ல் வெளியான ஆய்வில், ஒரு நர்ஸுக்குக் கூடுதலாக ஒரே ஒரு பேஷன்ட் சேர்ந்தாலே, நர்ஸுக்குப் பர்ன்அவுட் சாத்தியம் 23 சதவீதமும், முப்பது நாளுக்குள் பேஷன்ட் இறக்கும் சாத்தியம் 7 சதவீதமும் கூடியிருந்தது. மேடம் இதை அச்செடுத்து மேலே அனுப்பியிருக்கிறார். மூன்று மாதம் ஆகிறது. பதில் இல்லை. சந்தாவைப் புதுப்பிப்பது பற்றிக் கருத்துக் கேட்டு மட்டும் ஒரு படிவம் வந்தது.

ஆகவே வாங்கிக் கொடுத்தவர்களுக்கு: வாங்கியதற்கு ஒன்று. ஐந்து மணிக்கு வார்டுக்கு வருகிற ஒருவருக்கு மட்டும் தனியாக நாலு. உங்கள் இடத்திலும் இப்படி ஒரு சேவை வந்தால் கவுன்சலிங்கை விடாதீர்கள். ரோஸ்டரைத் தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். ஆப்பில் நோட்டிஃபிகேஷனை அணைத்துவிட்டு மூச்சுப் பயிற்சியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

படிவத்தில் கவுன்சலர் நேரத்தைப் பற்றி மட்டும் எழுதிக் கொடுத்தேன். நைட் முடித்தவர்களுக்காக இப்போது காலை எட்டேகாலுக்கு ஒரு இடம் திறந்திருக்கிறார்கள். என் ஐந்தாவது செஷன் வியாழக்கிழமை.