பாளையங்கோட்டை மக்கள் நீதிமன்றம்: ராஜிக்குப் போங்க, ஒப்புக்கொள்ளப் போகாதீங்க

பாளையங்கோட்டை நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு நடத்தும் மக்கள் நீதிமன்றம், பணத் தகராறுக்கு அருமையான ஏற்பாடு. செக் வழக்கு, விபத்து இழப்பீடு, வங்கிக் கடன் எல்லாம் ஒரே அமர்வில் முடியும். கட்டிய கோர்ட் பீஸும் திரும்பக் கிடைக்கும். மேல்முறையீடு கிடையாது என்பதால் தொகையையும் கெடுத் தேதியையும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடணும், அவ்வளவுதான்.

குற்ற வழக்கில்தான், அதுவும் தப்பே செய்யாதவர்கள்தான், ஏமாந்து போகிறார்கள். “அபராதத்தைக் கட்டி முடிச்சிருங்க, யாரு வாய்தா வாய்தாவா அலைய?” என்று வராண்டாவிலேயே யாராவது சொல்வார்கள். புகார்தாரர் சம்மதித்து ராஜியானால், அதாவது சமாதானமாகப் போனால், பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 359-ன்படி அது விடுதலைக்குச் சமம். குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினால், நூறு ரூபாயானாலும் அது தண்டனை. தமிழ்நாட்டுக் காவலர் பணி விதியில், சந்தேகத்தின் பலனில் விடுதலையானவரையே வழக்கில் சம்பந்தப்பட்டவராகத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். ஒப்புக்கொண்ட பையன் கதி என்ன?

வரப்புச் சண்டை வழக்குகளைப் பாருங்கள். கெட்ட வார்த்தை, அடிதடி, மிரட்டல் மூன்றும் சேர்ந்தே வரும்: பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 294(பி), 323, 506(1); இப்போது பி.என்.எஸ். என்ற புதிய தண்டனைச் சட்டத்தில் 296, 115(2), 351(2). பின்னிரண்டும் ராஜியாகும், 296 ஆகாது. “அதுக்கு மட்டும் ஒத்துக்கோங்க” என்பார்கள். வேண்டவே வேண்டாம். இரு தரப்பும் சமாதான மனுவோடு உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போய், பி.என்.எஸ்.எஸ். 528-ல் வழக்கையே ரத்து செய்யக் கேட்கலாம். செலவு உண்டு, ஆனாலும் பேர் கெடாது.

ஏழாண்டு வரை தண்டனையுள்ள பல வழக்குகளில், குற்றச்சாட்டு வனைந்த 30 நாளுக்குள் மனுப் போட்டுத் தண்டனையைக் குறைத்துக்கொள்ளும் பேரமும் இருக்கிறது. பெண்களுக்கு எதிரான குற்றங்களுக்கு இது கிடையாது. நீதிபதி எதிர்த்தரப்பை வெளியே நிறுத்திவிட்டு, சுயவிருப்பமா என்று உங்களிடம் தனியாகக் கேட்பார். யாராவது நெருக்கியிருந்தால் அங்கேயே சொல்லிவிடுங்கள். பேரம் முடிந்து தீர்ப்பு வந்தபின் வழக்கமான அப்பீல் இல்லை.

பாளை மத்தியச் சிறையில் ஜாமீன் கிடைக்காமல் கிடப்பவருக்குத்தான், ‘ஒத்துக்கிட்டா இன்னைக்கே வீடு’ என்ற ஆசை வரும். இதற்கு முன் எந்தக் குற்றத்திலும் தண்டனை பெறாதவர், அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்திருந்தால், வேறு வழக்கு இல்லையென்றால், பி.என்.எஸ்.எஸ். 479-ல் பிணையில் வெளியே வர வழியிருக்கிறது. ஆயுள், மரண தண்டனை வழக்குகளுக்கு இது பொருந்தாது. ஒப்புதலுக்கு முன்னால் இதைக் கேளுங்கள். காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு; வீட்டார் சட்ட உதவி எண் 15100-க்குப் போன் போட்டாலே போதும்.

ராஜியான அன்றே நகல் மனுப் போட்டு, உத்தரவில் ‘விடுதலை’ என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.