தென்னை நிழலில் எது தாங்கும்: வாழையா, மஞ்சளா, கோகோவா?

ஊடுபயிருக்கு முன் தென்னையின் வயதைப் பாருங்கள். 7.5 மீட்டர் இடைவெளியில் நட்ட நெட்டை ரகத்தில் முதல் 7, 8 ஆண்டுகள் வெயிலுக்குக் குறைவில்லை. அதன்பின் ஏறத்தாழ 25 வயதுவரை மட்டைகள் கோத்துக்கொள்ளும்; தரைக்கு ஐந்தில் ஒரு பங்கு ஒளி வந்தாலே அதிகம். மரம் மேலும் உயர்ந்ததும் வெயில் மறுபடி உள்ளே இறங்கும்.

கண்ணளவை நம்ப வேண்டாம். தெளிந்த உச்சிவெயிலில் நான்கு மரங்களுக்கு நடுவே குறுக்காக 10 மீட்டர் கயிறு கட்டி, 40 செ.மீ.க்கு ஒரு முடிச்சு போட்டு, வெயில் விழும் முடிச்சுகளை எண்ணுங்கள். 25-இல் ஐந்துதான் தேறினால் மூன்றுமே வேண்டாம்.

வாழைக்கு இளந்தோப்புதான் இடம். அடர்நிழலில் தண்டு மெலிந்து நெடுநெடுவென வளரும். குலை தள்ளப் பிந்தும், சீப்பும் குறையும். நெருக்கி நட்டு ஈடுகட்டப் பார்த்தால் வாழைக்கு வாழையே நிழலாகிவிடும்.

மஞ்சள் லேசான நிழலைப் பொறுத்துக்கொள்ளும். ஆனால் அதன் இலை ஏமாற்றும்: நிழல் கூடக்கூட இலை அகன்று செழிப்பாகத் தெரியும், தோண்டினால் கிழங்கு விரல் விரலாய் மெலிந்திருக்கும். ஈரம் காயாத இடமென்பதால் 25 செ.மீ. உயர மேட்டுப்பாத்தி கட்டாயம். இல்லையேல் கிழங்கு அழுகும். தென்னையின் வேர்கள் பெரும்பாலும் அடிமரத்தைச் சுற்றி 2 மீட்டருக்குள் இருப்பதால் அங்கே மண்வெட்டி போகக்கூடாது.

25 வயது தாண்டிய தோப்பில் எங்கள் ஓட்டு கோகோவுக்கு. பாதி வெயில் அதற்குப் போதும். ஆண்டுதோறும் உழவும் வேண்டாம், உதிரும் இலையே மூடாக்கு. இரு தென்னை வரிசைகளுக்கு நடுவே ஒரே வரிசை, செடிக்குச் செடி 3 மீட்டர். காய்ப்புக்கு மூன்று, நான்கு ஆண்டு பொறுக்க வேண்டும். முதல் கிளையடுக்குக்கு மேல் நேராகக் கிளம்பும் போத்துகளை (புதுத் தளிர்களை) வெட்டிக் கவாத்து செய்யாமல் விட்டால், நிழலுக்குள் இன்னொரு நிழல்: காற்று நின்று, மழைக்காலத்தில் காய் கருகும். அந்தக் கருங்காய் அழுகலை உண்டாக்கும் பைட்டோப்தோரா பால்மிவோரா என்ற, பூஞ்சாணம் போன்ற நுண்ணுயிர்தான் தென்னையின் குருத்தழுகலுக்கும் காரணம். கருத்த காய்களை அன்றன்றே பறித்துத் தோப்புக்கு வெளியே புதையுங்கள்.

எந்தப் பயிர் நோஞ்சானாக நின்றாலும் பழி நிழல்மேல் விழுகிறது. நிழலில் வாடும் செடி நெட்டையாகப் பச்சையாக நிற்கும். குட்டையாக மஞ்சளித்து நின்றால் அது பசி அல்லது தாகம். மட்டையை வெட்டிப் பயனில்லை, தென்னைக்கு வைக்கும் உரம், நீர் போக ஊடுபயிருக்குத் தனியாகக் கொடுக்க வேண்டும்.