பையருக்கு மெயில் எழுதறவங்களுக்கு ஆக்ஸ்போர்டு லேர்னர்ஸ் டிக்‌ஷனரி எப்படிங்க? என்ற ரிவ்யூ

திருப்பூர்ல மெர்ச்சண்டைசிங், அதாவது துணி ஆர்டரைக் கவனிக்கற வேலை, பாக்கறவங்களுக்குத் தெரியும், பாதி வேலை துணியில, மீதி வேலை மெயில்லதாங்க. பையர், அதான் நம்மகிட்ட துணி வாங்கற கம்பெனிக்காரங்க, ஜெர்மனியோ யுகேவோ, நேர்ல பாக்கறது எப்பவோ ஒருக்கா, நாம எழுதற நாலு வரியை வச்சுத்தான் கம்பெனி எப்படினு முடிவு பண்ணுவாங்க. அதனால ஃபார்மல் இங்கிலீஷ் வேணும்னு ஆளாளுக்கு அலையறாங்க, வாட்ஸப்ல சுத்தற 'ஆயிரம் வார்த்தை தமிழ் அர்த்தத்துடன்' பிடிஎஃப்ல ஆரம்பிச்சு கோயமுத்தூர் காந்திபுரத்துல ஐஇஎல்டிஎஸ் கோச்சிங் வரைக்கும். நான் சொல்றது அது எதுவும் இல்ல, ஆக்ஸ்போர்டு லேர்னர்ஸ் டிக்‌ஷனரினு ஒரு சைட். ஓசிலயே பாக்கலாம், போன்லயும் ஓப்பன் ஆகும், என்ற கம்ப்யூட்டர்ல ஒரு டேப் எப்பவும் அதுக்குனே கெடக்குது.

பிடிஎஃப் லிஸ்ட்ல என்ன கோளாறுனா, அர்த்தம் சரியாத்தான் இருக்கும். கமென்ஸ்னா தொடங்கு, பர்ச்சேஸ்னா வாங்கு. ஆனா எந்த எடத்துல போடலாம், எங்க போட்டா சிரிப்பாங்கனு ஒரு வரி இருக்காதுங்க. புதுசா சேந்த தம்பி ஒருத்தன் அந்த லிஸ்டை கடகடனு மனப்பாடம் பண்ணிட்டு மத்தியானம் ஆபீஸ் குரூப்ல 'ஐ ஆம் கமென்சிங் மை லஞ்ச்'னு போட்டான், பாவம், அவன் மேல தப்பு சொல்ல முடியாது, லிஸ்ட்ல அவ்வளவுதான் இருந்துச்சு. இந்த சைட்ல அதே வார்த்தையைத் தேடுனா அர்த்தத்துக்கு முன்னாடியே 'ஃபார்மல்'னு லேபிள் ஒட்டியிருக்கும். ரெக்டிஃபை, என்டெவர், கருதறதுங்கற அர்த்தத்துல வர்ற டீம், ரிசைட், எல்லாத்துக்கும் அப்படித்தான். இந்த ஒரு லேபிளுக்காகவே நான் இதை சொல்லுவேன்.

அடுத்து, ஒரு வார்த்தை எதோட சேந்து வரும்ங்கறது. பேக்கிங் லிஸ்ட்லயும் இன்வாய்ஸ்லயும் கார்ட்டன் கணக்கு ஒத்து வரலைனு வைங்க, டிஸ்க்ரிபன்சினு வார்த்தை எல்லாருக்கும் தெரியும், அதுக்கப்புறம் என்ன போடறதுனுதான் கை நின்னுபோகும். அங்க 'டிஸ்க்ரிபன்சி பிட்வீன்', 'டிஸ்க்ரிபன்சி இன்' ரெண்டையும் தனியா எடுத்துக்காட்டி, கீழயே உதாரண வாக்கியமும் குடுத்திருக்காங்க, அதுல நம்ம சரக்கை மாட்டிவிட்டா மெயில் ரெடி. கம்ப்ளைங்கற வார்த்தைக்குப் பின்னாடி வித் வரணும், அட்ஹியருக்கு டு வரணும், இதெல்லாம் கிராமர் புக்குல தேடிட்டு இருக்க முடியுங்களா, ஷிப்மென்ட்டை கையில வச்சுக்கிட்டு.

வார்த்தை எங்கிருந்து வந்துச்சுங்கறதையும் கீழ போட்டிருப்பாங்க, நொம்ப பேரு அதைத் தொறந்தே பாக்கறதில்ல. பாத்தா ஒண்ணு புரியும். 1066ல நார்மண்டிக்காரங்க இங்கிலாந்தைப் புடிச்சதுக்கப்புறம் அரமனை, கோர்ட்டு, ரெக்கார்டு எல்லாம் நொம்ப காலம் பிரெஞ்சுலயும் லத்தீன்லயும்தான் ஓடுச்சு. ஊர் சனம் பேசுன பிகின், பை, ஆஸ்க், ஹெல்ப் எல்லாம் சாதா பேச்சா நின்னுபோச்சு, பிரெஞ்சு வழியா வந்த கமென்ஸ், பர்ச்சேஸ், ரிக்வெஸ்ட், அசிஸ்ட் எல்லாம் ஆபீஸ் பேச்சாயிடுச்சு. நாம 'காட்டை வித்துட்டேன்'னு சொல்றதை பத்திரத்துல சுத்தக்கிரயம்னு எழுதறாப்ல. எல்லா வார்த்தைக்கும் இது பொருந்தாது, ஆனா இப்படி ஜோடி ஜோடியா எழுதி வச்சா நிக்குது, ஏபிசிடி வரிசையில படிச்சா நிக்க மாட்டீங்குது.

நம்ம ஊர் இங்கிலீஷ் எதுனும் தெரிஞ்சுக்கலாம். பிரிபோனுக்கு இந்தியன் இங்கிலீஷ்னே எழுதியிருக்கு. தப்புனு இல்லீங்க, நமக்குள்ள தாராளமா போடலாம், ஆனா டெலிவரி தேதியை முன்னாடி இழுக்கச் சொல்லி வெளிநாட்டுக்கு எழுதறப்ப 'பிரிங் ஃபார்வர்டு'னு போட்டா அவங்க யோசிக்க வேண்டியதில்ல. ரிவர்ட்டும் அந்த ரகம்தான், நாம பதில் போடறேன்ங்கற அர்த்தத்துல எழுதறோம், அங்க பழைய நிலைக்குத் திரும்பறதுனு மொதல்ல படிப்பாங்க.

இங்கிலீஷ் அர்த்தத்தை இங்கிலீஷ்லயே படிச்சா புரியுமானு கேப்பீங்க. இது மொதல்லயே வெளியாளுங்களுக்காக எழுதுனதுங்க. ஹார்ன்பினு ஒருத்தர் ஜப்பான்ல இங்கிலீஷ் சொல்லிக் குடுத்துட்டு இருந்தப்ப கூட்டாளிங்களோட சேந்து தயார் பண்ணுன டிக்‌ஷனரி, 1942ல டோக்கியோல வந்துச்சு, 1948ல ஆக்ஸ்போர்டு எடுத்துப் போட்டாங்க. அதனால விளக்கம் எல்லாம் சின்னச் சின்ன வார்த்தையில இருக்கும். ஏ1, பி2, சி1னு லெவலும் குறிச்சிருப்பாங்க, ஏ1 ஆரம்பம், பி2 நடுவுக்கு மேல, சி1 அதுக்கும் மேல. முக்கியமான வார்த்தைனு அவங்களே பொறுக்கி வச்ச ஆக்ஸ்போர்டு 3000 லிஸ்ட் பி2 வரைக்கும், 5000 லிஸ்ட்ல எச்சா வர்ற ரெண்டாயிரம் பி2, சி1 லெவல். மெயில் எழுதறவங்களுக்கு அந்த ரெண்டாயிரம்தான் தீனி, ஆனா வரிசையா உக்காந்து படிக்காதீங்க, பையர் மெயில்ல வர்ற வார்த்தையை மட்டும் தேடி ஒரு நோட்டுல ஏத்துங்க.

இல்லாதது என்னனா, தமிழ் அர்த்தம் கெடையாது. அதுக்கு சென்னைப் பல்கலைக்கழகத்தோட ஆங்கிலம்-தமிழ் சொற்களஞ்சியம் இருக்கு, 1960கள்ல வந்ததுனால தமிழ் கொஞ்சம் கனமா இருக்கும், பழகிக்கலாம். நம்ம நிட்டிங், டையிங் லைன் வார்த்தைக்கும் இதை நம்பி உக்கார வேண்டாம், அதுக்கு ஃப்ளோர்ல மாஸ்டர்கிட்ட கேட்டாத்தான் ஆகும். சுத்தமா இங்கிலீஷே இப்பத்தான் ஆரம்பிக்கறவங்களுக்கு விளக்கத்தைப் படிக்கறதே மலைப்பா இருக்கும், அவங்க பொறவு வரலாம்.

ஒண்ணு மட்டும் பாத்துக்கோங்க, ஃபார்மல் லேபிள் இருக்குதுனு எல்லாத்தையும் ஒரே மெயில்ல கொட்டாதீங்க. வருசக்கணக்கா பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பழகுன பையருக்கு திடீர்னு 'வீ ரிக்ரெட் டு இன்ஃபார்ம் யூ'னு ஆரம்பிச்சா ஆர்டரே போச்சோனு பதறிப்போயி போன் அடிப்பாங்க, விசயம் பட்டன் ஷேடு லேசா மாறுனதா இருக்கும். அங்க சாரின்னாலே போதும்.

புத்தகமா வேணும்னா பத்தாவது பதிப்பு 2020ல வந்தது. ஆகஸ்ட்ல ஈரோடு புத்தகத் திருவிழால தேடிப் பாருங்க, இல்லீனா உக்கடம் பழைய புக் கடையில முந்தின பதிப்பு ஏதாச்சும் சிக்கும், ஃபார்மல் வார்த்தையெல்லாம் சீக்கிரத்துல மாறாதுங்க, பழசே தாராளம். பொடி எழுத்து, கண்ணாடி போடறவங்க வாங்கறதுக்கு முன்னாடி ஒரு பக்கம் படிச்சுப் பாத்துட்டு வாங்குங்க.